தும்மலுக்குப் போட்ட குளிசை

நான் வாழ்க்கைப்பட்டது வலிகாமத்தில் ஒரு புகையிலை வீட்டுக்கு. பிறந்து வளர்ந்தது நல்லூரில். அங்கே எனக்குத் தெரிந்த புகையிலை, வெற்றிலைத் தட்டில் கிடக்கும் விரல் நீளத் துண்டு மட்டும்தான். எழுபதுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம் கலியாணம் நடந்தது. அடுத்த மாசியில் வெட்டுத் தொடங்கி, கொட்டில் நிறையப் பச்சைப் புகையிலையைத் தொங்கவிட்டு, பதமாகப் புகை போட்டார்கள். அன்று காலையே என் தும்மலும் தொடங்கிவிட்டது.

ஒன்றிரண்டோடு அது நிற்காது. பன்னிரண்டு, பதினைந்து என்று போகும். கண் சிவந்து மூக்கு வீங்கி நான் நிற்க, அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வரும். "பதினேழு! நேத்தையிலும் இரண்டு கூட!" எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். மனிசர் தும்முவதை எண்ணுவதும் ஒரு வேலையா?

வேலைதான் என்பது பிறகு விளங்கியது. தும்மல் ஒற்றைப்படையில் நின்றால் அந்த வீட்டில் ஒருவரும் வாசற்படலையைத் தாண்டமாட்டார்கள். இரட்டையில் முடிந்தால் தோஷமில்லை. ஒருநாள் மாமா வியாபாரியிடம் விலை பேசச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். என் தும்மல் பதினைந்தில் நின்றுவிட்டது. மாமா படலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"பிள்ளை, இன்னும் ஒண்டு தும்மு. நான் போகவேணும்."

"வருகுதில்லை மாமா."

"கொஞ்சம் முயற்சி செய்து பார், மோனை."

மாமி மிளகுத்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். மாமா போனபோது வியாபாரி வேறு வீட்டில் விலை பேசி முடித்துவிட்டான். அன்று பின்னேரம் என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போய், மருந்துக்கடையில் மஞ்சள் குளிசைகள் வாங்கிவந்தார். காலையும் மாலையும் ஒவ்வொன்று போடச் சொன்னார்களாம். "வேறை ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு கேட்டவங்கள். ஒண்டுமில்லை, நல்ல சுகதேகி எண்டு சொன்னன்," என்றார். சொல்லும்போது அவருக்கு ஒரே பெருமை.

அந்த முகத்தைப் பார்க்காமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஏனென்றால் எனக்கு எட்டு வயதிலிருந்து வலிப்பு.

இதை அவருக்கோ மாமிக்கோ நாங்கள் சொல்லவில்லை. கலியாணப் பேச்சு வந்த நாளே அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். "உயிர் போனாலும் அந்தச் சொல்லை அந்த வீட்டிலை வாயிலை எடுக்காதை." தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா பயந்தார். எனக்கும் அதே பயம்தான். இவரை எனக்கு நன்றாகப் பிடித்துப்போனதால் பயம் இன்னும் கூடிவிட்டது.

ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்ததும், ஒருவரும் காணாமல், தையல் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெள்ளைக் குளிசையை எடுத்துப் போட்டுக்கொள்வேன். அதைப் போட்டுவந்ததால் மூன்று வருடமாக ஒரு வலிப்பும் இல்லை. குளிசை தீருமுன் அம்மா மாதாமாதம் பயத்தம் பணியாரத் தகரப்பேணியோடு வருவார். பணியாரத்துக்கு அடியில் கடதாசியில் மடித்த வெள்ளைக் குளிசைகள் இருக்கும். "மாசம் தவறாமல் பணியாரத்தோடை வாற சம்பந்தி ஊரிலை ஆருக்கு வாய்ச்சிருக்கு?" என்று மாமி அயலெல்லாம் பெருமையாய்ப் புழுகித் திரிந்தார்.

மஞ்சள் குளிசை நன்றாகத்தான் வேலை செய்தது. தும்மல் நின்றது. மாமா நினைத்த நேரத்தில் வெளியே போனார். ஆனால் எனக்கு நித்திரையோ நித்திரை. விளக்கு வைத்ததும் கண் சொருகிவிடும். இரண்டு நாள் சாப்பிட்ட கையோடு பாயில் சாய்ந்தவள், விடிந்துதான் எழும்பினேன். வெள்ளைக் குளிசை தையல் பெட்டியிலேயே கிடந்தது. ஒருநாள் இரண்டுநாள் விட்டால் என்ன, என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என்ன துணிச்சல் எனக்கு!

மூன்றாம் நாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அதுவரைதான் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது முகமெல்லாம் தண்ணீர், கடிபட்ட நாக்கு, கையில் புகையிலைக் கொட்டிலின் இரும்புச் சாவி. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கவேண்டும் என்று மாமா இடுப்பிலிருந்து உருவித் திணித்திருக்கிறார். நான் அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். சந்தியில் நின்ற வாடகைக் காரில் என்னை ஏற்றியபோது மாமாவும் சாவிக்குப் பின்னால் ஏறிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். சேதி கேட்டு நல்லூரிலிருந்து அம்மா ஓடிவந்துவிட்டார். ஒரு பக்கம் இவரும் மாமாவும், மறுபக்கம் அம்மாவும் மாமியும். டொக்டர் வந்து முதலில் என் கைச்சாவியை வாங்கி மாமாவிடம் கொடுத்தார். "இது ஒண்டும் செய்யாது ஐயா. ஆளைச் சரிச்சுப் படுக்க வைச்சாப் போதும்." பிறகு என்ன மருந்து எடுத்தேன் என்று கேட்டார். இவர் சேர்ட் பையிலிருந்து மஞ்சள் குளிசைப் பைக்கற்றை எடுத்து நீட்டினார்.

"இது தும்மலுக்கு நல்ல மருந்துதான்," என்றார் டொக்டர். "ஆனா வலிப்பு இருக்கிற ஆக்களுக்குப் பார்த்துத்தான் குடுக்கவேணும். சிலருக்கு இது வலிப்பைக் கிளப்பிவிடும். இவவுக்கு முந்தி எப்பவாவது இப்பிடி வந்ததோ?"

"இல்லை டொக்டர்," அம்மா முந்திக்கொண்டார். "ஒருநாளும் வந்ததில்லை. புகைச் சூடுதான்."

டொக்டர் அதையே எழுதத் தொடங்கினார். நான் இவரைப் பார்த்தேன். மனிசன் அழுதுகொண்டிருந்தார். "நான்தானே என்ரை கையாலை வாங்கிக் குடுத்தனான்," என்று மாமாவிடம் சொல்லிச் சொல்லி அழுதார். அதை என்னால் பார்த்துக்கொண்டு கிடக்க முடியவில்லை. சத்தியமாவது மண்ணாவது!

"எட்டு வயசிலை இருந்து வலிப்பு, டொக்டர்," என்றேன். நாக்கு வீங்கியிருந்ததால் சொல் குழறியது. ஆகையால் இன்னொரு தரம், உரத்துச் சொன்னேன். வெள்ளைக் குளிசையைப் பற்றியும், இரண்டு நாள் அதை விட்டதைப் பற்றியும் சொன்னேன். டொக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். வெள்ளையை ஒருநாளும் விடக்கூடாது, மஞ்சளை இனித் தொடக்கூடாது, கொட்டில் பக்கம் போகக்கூடாது, தும்மலுக்கு வேறு வழி பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

என் பெட்டியைக் கட்டி நல்லூருக்கு அனுப்பப்போகிறார்கள் என்றே நினைத்தேன். மாமி அம்மாவின் பக்கம் திரும்பினார். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் அழைப்பார்கள்.

"மச்சாள், ஆறு மாசமாய் இந்தப் பிள்ளை எங்கடை கிணத்தடியிலை தனிய நிண்டு தண்ணி அள்ளினவள். கிணத்துக்கை விழுந்திருந்தா ஆருக்குத் தெரியும்? கலியாணம் குழம்பினா வேறை இடத்திலை பேசலாம். பிள்ளையை எங்கை போய் எடுக்கிறது?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி தண்ணி நான் அள்ளுறன்," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. என்னை அனுப்பப்போவதில்லை!

பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு ஒரு நடுவயதுப் பெண் படுத்திருந்தார். இவ்வளவு சத்தம் கேட்டபிறகு அவர் சும்மா இருப்பாரா? "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று மாமியைக் கேட்டார்.

"வலிப்பு," என்றார் மாமி, சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோல. "தும்மல் குளிசை ஒத்துவரேல்லை. மற்றும்படி நல்ல பிள்ளை."

நல்லூரில் எங்கள் வீட்டில் பதினாலு வருடம் மூச்சுக் காட்டாமல் பொத்திவைத்த சொல் அது. வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மாமியைக் கிட்ட வரச்சொல்லிக் கையைக் காட்டினார். குரல் எனக்கே மட்டுமட்டாய்த்தான் கேட்டது.

"என்ரை மகளுக்கும் உது இருக்கு. நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."