ஏலிக்குட்டி சேச்சி வண்டியைப் பூட்டிய மழைக்காலம்

கேரளத்து ரான்னியில், எங்கள் சர்ச்சிலிருந்து ஒரு மைல் தள்ளி, இரண்டு வீடுகள் ஒட்டினாற்போல் நிற்கின்றன. ஒன்று ஏலிக்குட்டி சேச்சியுடையது. மற்றது அவர் கணவரின் தம்பி பேபிச்சனுடையது. இரண்டுமே சேச்சி குவைத்தில் பத்தொன்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்த சம்பாத்தியத்தில் எழும்பியவை. பேபிச்சனிடம் இதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

அந்தச் சிவப்புக் காரும் சேச்சி வாங்கியதுதான். ஓட்டியது கணவர் தோமாச்சன். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு, ஐம்பத்து நாலு வயதில் சேச்சி லைசென்ஸ் எடுத்தார். முதல் வாரமே கேட் தூணில் உரசினார். பேபிச்சன் அந்தக் கீறலை விரலால் அளந்து பார்த்து, ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். அதன்பின் நாலு வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், டயாலிசிஸுக்காகப் பத்தனம்திட்டா ஆஸ்பத்திரிக்குத் தோமாச்சனைச் சேச்சியே கூட்டிப்போனார். தோமாச்சன் இறந்து மூன்றாம் நாள், பேபிச்சன் வந்து கார் சாவியைக் கேட்டான். சேச்சி கொடுக்கவில்லை. நல்ல பேச்சு அன்றோடு முறிந்தது.

அடுத்த வருஷம் அயர்லாந்திலிருக்கும் மகளுக்குப் பிரசவம். ஜூன் பாதியில் கிளம்பினால் திரும்பிவர இரண்டு மாதம். அடைமழைக் காலத்தில் சும்மா நிற்கிற வண்டி என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சீட்டில் பூசணம் பூக்கும், எலி வயரைக் கடிக்கும், பேட்டரி செத்துப்போகும். மெக்கானிக் சுகதன் வந்து எல்லாம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் போன் பண்ணினான்.

"சேச்சி, பேபிச்சன் ஜங்ஷன்ல என்னை நிறுத்தி மிரட்டுறாரு. எனக்கு அந்த ரோட்டுலதானே பொழப்பு."

"நீ வர வேண்டாம். எப்படிப் பண்ணணும்னு மட்டும் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். சேச்சியின் மகளுக்குக் கொடுத்துவிட ஊறுகாயோடு எதிர்வீட்டிலிருந்து நான் போனபோது வேலை பாதி முடிந்திருந்தது. வண்டியைக் கழுவித் துடைத்து, கார் மிதியடிகளை அடுப்பங்கரையில் காயப்போட்டிருந்தார். சீட்டு இடுக்கில் ஒரு பிஸ்கட் துணுக்குகூட விடாமல் பொறுக்கினார். ஈரத்தை இழுக்க அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து சீட்டுக்கடியில் வைத்தார். எலிக்காக என்ஜினுக்குள் புகையிலைக் கட்டுகளைச் செருகினார். டாங்க் நிறையப் பெட்ரோல், டயரில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் காற்று. ஹேண்ட் பிரேக் போட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று அதை விடுவித்து, கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு வெட்டுக்கல்லை முட்டுக்கொடுத்தார்.

மதிலுக்கு மேலே பேபிச்சன் தலை தெரிந்தது.

"என்ன சேட்டத்தி, அண்ணனை அடக்கம் பண்ணினாப்ல வண்டியையும் அடக்கம் பண்றீங்களா?"

அண்ணன் மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"உங்கண்ணன் அடக்கத்துக்குக் கடைசி ஆளா வந்தே. இதுக்காவது சீக்கிரம் வந்தியே."

"வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணாட்டி வண்டி கெட்டுரும். சாவியை வெச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

"அவர் இருக்கறப்ப மூணு வாரம் நீ பாத்துக்கிட்ட லட்சணம் போதும். மத்தி மீன் ஏத்தின நாத்தம் போக ஓணம் வரைக்கும் ஆச்சு."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவன் மனைவி லாலியின் அக்கா மகனுக்கு ஜூலையில் கல்யாணம். மாப்பிள்ளை தங்கள் வீட்டுக் காரில்தான் வருவான் என்று பேபிச்சன் பெண் வீட்டில் சொல்லிவிட்டிருந்தான்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன்!"

"என் வண்டியை வெச்சு நீ யாருக்குடா வாக்குக் குடுக்கறே?"

"இது எங்கண்ணன் ஓட்டின வண்டி."

"அவர் ஓட்டினார். வாங்கினது நான். ஆஸ்பத்திரிக்கு ஓட்டினதும் நான். ஒருநாள், ஒரே ஒருநாள், பின்சீட்டுல உக்காந்து அவர் தலையைத் தாங்கிப் பிடிச்சிருக்கியா நீ?"

பேபிச்சன் காறித் துப்பினான்.

"போயிட்டு வாங்க. வர்றப்போ வண்டி வண்டியா இருக்குதான்னு பாத்துக்கலாம்."

சேச்சி அவன் பார்க்கப் பார்க்கப் பேட்டரியைக் கழற்றினார். அறுபதை நெருங்கும் வயதில் அந்தக் கனத்தை மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய், படுக்கையறைக் கட்டிலுக்கடியில் பலகை போட்டு வைத்தார். ஷெட்டுக்கு இரண்டு பூட்டு.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்தான். "உங்க காரு எங்க பேபிச்சா, வழியில படுத்துருச்சா?" என்று பந்தியில் நாலு பேர் கேட்டார்கள். அவன் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தான். லாலியும் சிரித்தாள் என்று அவளை வீட்டுக்கு வந்து அறைந்திருக்கிறான். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் சேச்சி திரும்பினார். பூட்டு இரண்டும் உடைந்து கிடந்தன. உள்ளே நாலு டயரும் பக்கவாட்டில் கிழிந்து, வண்டி தரையோடு உட்கார்ந்திருந்தது. சேச்சி முதலில் பானெட்டைத் தூக்கினார். ஒரு வயர்கூடக் கடிபடவில்லை. கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்தார். பூசணம் இல்லை. கட்டிலுக்கடியிலிருந்து பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடியது. ஓடவிட்டுக்கொண்டே போலீஸுக்குப் போன் பண்ணினார்.

எஸ்.ஐ. வந்தபோது பேபிச்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலோரம் நின்றான்.

"காட்டுப்பன்னி குத்தியிருக்கும் சார். இந்தப் பக்கம் ரொம்பத் தொல்லை."

"பன்னி பூட்டையும் உடைச்சுதா?"

"எனக்கென்ன தெரியும்?"

தன் வீட்டுச் சமையலறை வாசலில் நின்ற லாலி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

"அவருதான் சார். ரப்பர் வெட்டுற கத்தியால. நான் பாத்தேன்."

"வாயை மூடுடி!"

"இருபத்தாறு வருஷமா மூடித்தானே இருந்தேன்."

டயர் நாலும் பேபிச்சன் செலவில் மாறின. சமாதானம் என்று ஒன்றும் நடக்கவில்லை. புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லி சர்ச்சுப் பாதிரியாரான அச்சன் இரண்டு முறை கூப்பிட்டனுப்பினார், சேச்சி போகவில்லை. ஆள் வைத்து மதிலை இன்னும் மூன்று வரிசை உயர்த்தினார். லாலி வந்துபோக மட்டும் ஒரு சின்னக் கதவு விட்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் லாலி அந்தக் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து சர்ச்சுக்குப் போகிறாள். பேபிச்சன் குடை பிடித்து அதே ரோட்டில் நடக்கிறான். தண்ணீர் தேங்கிய பள்ளம் வந்தாலும் சேச்சி வேகத்தைக் குறைப்பதில்லை.