சிரிக்கும் மீன்

"ஒரு நிமிசம் நிக்க மாட்டேங்குதும்மா." கைபேசியில் மீனைப் படமெடுக்கப் போராடிய என் மகன், மேசை விளக்கை இழுத்துத் தொட்டியருகே வைத்தான். எனக்கு முகம் சுட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, பேகம்பூரில் என்னைப் பெற்ற அத்தா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ஒரு மதியம் அங்கிருந்த இரண்டு பெரிய பல்புகளை வீட்டுக்குத் தூக்கிவந்து, என் தங்கமீன் தொட்டியின் இருபுறமும் வைத்தார். மீன் பின்னால் ஓடாதபடி ஒரு கண்ணாடித் துண்டைத் தண்ணீருக்குள் இறக்கி, அதை முன்பக்கம் நெருக்கினார். பல்புகள் எரிந்துகொண்டே இருந்தன. நான் விரலை விட்டுப் பார்த்தேன்.

"அத்தா, தண்ணி சுடுது."

"செத்த நேரம் சும்மா இரு. இப்பத்தான் அசையாம நிக்குது."

செத்த மீனைக் கோழிக்குப் போட்டார்கள். படம் ஸ்டுடியோ சுவரில் ஏறியது. வாய் திறந்திருந்ததால், மீன் சிரிக்கிறதென்று பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

பதினாறு வயதில், மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்ப அதே பல்புகளுக்கு நடுவே என்னை உட்காரவைத்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையெடுத்தேன். அத்தா சுவரைக் காட்டினார்.

"ஆடாத. அந்த மீனு எப்படி நின்னுச்சு, பாரு."

அந்தப் படத்தை மகன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவான். "எங்கம்மா எம்புட்டு அழகாச் சிரிக்கிறாங்க, பாருங்க."