ஸஹரில் சேர்த்துப் போட்ட குளிசைகள்

நோன்பு மாதத்தின் நடுவில் என் கணவரின் கண்கள் மஞ்சளாயின.

அக்குறணையில் எங்களுக்குத் துணிக்கடை. புதுத்துணித் தூசு இவருக்கு ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். அதற்கு டாக்டர் கொடுத்த ஒவ்வாமைக் குளிசையை மூன்று வேளையும் போட வேண்டும். நோன்பில் பகல் வேளைக்கு எங்கே போவது? அதையும் ஸஹரிலேயே (வைகறை உணவு) சேர்த்து விழுங்கினார்.

தடிப்பு மறைந்தது. கடி (அரிப்பு) மட்டும் கூடிக்கொண்டே போனது.

"மேலெல்லாம் கடிச்சிட்டே ஈக்குது. இன்னொன்டு தாங்க" என்பார். கொடுத்தேன். பெருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போகிற ஆளா இவர்?

கண்டி ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். பிலிருபின் (பித்தத்தின் மஞ்சள் பொருள்) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"குளிசை ஈரலைத் தாக்கியிருக்கு. ஈரல் பழுதானாலும் தோல் கடிக்கும். நீங்கள் கடிக்கக் கடிக்க அதே குளிசையைப் போட்டிருக்கிறியள்."

"தப்புவாரா டாக்டர்?"

"நிப்பாட்டினால் அநேகமாத் தேறும். ஆனா இப்ப உறுதியாச் சொல்லேலாது."

அந்த 'ஆனா'வை வைத்துக்கொண்டு கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்தபடியே கிடந்தேன். இவரோ கடையைப் பற்றியே கேட்டார். ஏசினேன், பிறகு அழுதேன்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது கடி நிற்காமல், சிறுநீர் தேயிலைச் சாயமாகப் போனால், முதலில் கண்ணைப் பாருங்கள்.

மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. இப்போதும் சட்டை போடும்போது வலப்பக்க விலாவைத் தடவிக்கொள்கிறார். எனக்கு விடிவதே அவர் கண் வெள்ளையைப் பார்த்த பிறகுதான்.

சில மாதங்களில், நோன்பு பிடிக்கலாம் என்றார் டாக்டரம்மா. விடுபட்டவற்றுக்குக் களா (ஈட்டு நோன்பு) பிடிக்கத் தொடங்கிய முதல் நாளே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடையிலிருந்து வந்தார்.

"ஊரே சாப்பிடுது. தனியாப் பிடிக்கிறது லேசில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. "பொம்புளைங்க நாங்க வருஷா வருஷம் அப்பிடித்தானே பிடிக்கிற?"

மாதவிடாய் நாட்களில் விட்டதை நாங்கள் பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் பிடிப்போம். இத்தனை வருடத்தில் இவர் அதைக் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு இந்த வருஷத்துக் களா இன்னும் ஈக்கா?"

"ஈக்கி, இன்னும் பிடிக்கல்ல."

மறுநாள் ஸஹருக்கு என்னை எழுப்பியது அவர்தான்.