லீனா என்ற பேரைத் தேடி வட்டுக்கோட்டைக்கு

போன மாசி மாதம் நான் யாழ்ப்பாணம் போனது ஊர் பார்க்க அல்ல. என் மகள் லீனா ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒஸ்லோ வீட்டில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. கொக்குவிலில் சித்தியின் மகள் சுகந்தி நிறைமாதம். பெண்பிள்ளை என்றால் அந்தப் பேரை வை என்று கெஞ்சியிருந்தேன். ஓம் என்றவள், பேர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் அறிந்து வரச் சொன்னாள்.

எனக்கே சரியாகத் தெரியாது. அம்மா வழியில் ஐந்து தலைமுறைக்கு முன் வட்டுக்கோட்டையில் ஒரு லீனா இருந்தாராம். சின்னப் பேர், எவர் வாயிலும் நிற்கும் என்று வைத்தோம். நோர்வே தாதி தங்கடை நாட்டுப் பேர் என்றாள். பக்கத்து வீட்டு அரபுக்காரியும் அப்படியே. சென்னை நண்பர் சமஸ்கிருதம் என்று அடித்துச் சொன்னார். அப்போது எனக்கு என்ன பெருமை!

கொக்குவிலிலிருந்து வட்டுக்கோட்டை பத்துக் கிலோமீற்றர் வரும். காலை எட்டரைக்கு ஓட்டோ பிடித்தேன், போக வர மூவாயிரம் ரூபா. ஒன்பதேகாலுக்குப் பழைய அமெரிக்க மிஷன் தேவாலய அலுவலகத்தில் இருந்தேன். பதிவேடு பார்க்கிற அம்மா நல்ல மனுசி, தேத்தண்ணி தந்துவிட்டு இரண்டு மணித்தியாலம் தேடினார்.

அந்த லீனா மிஷன் விடுதியில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவை ஏற்றால், அவர் சொல்லும் பேரையே பிள்ளைக்கு வைப்பார்களாம். ஏற்றவரின் குறிப்பும் பக்கத்தில் இருந்தது: இறந்துபோன என் சிறுமகளின் நினைவாக.

செத்த பிள்ளையின் பேரையா என் பிள்ளைக்கு வைத்தேன்?

மத்தியானம் சுகந்தியிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். விசரன் நான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாரிடமாவது சொல்லி அழவேண்டும் போலிருந்தது. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

"குறை நினையாதேங்கோ அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு. அந்தப் பேர் வேண்டாம்."

"அதுக்கென்ன, உன்ரை பிள்ளை," என்றேன்.

குடும்பப் பேர் தேடிப் போகிறவர்களுக்கு: முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். படம் எடுக்க விடமாட்டார்கள், கொப்பியும் பென்சிலும் வேண்டும். தேடி முடிக்கும் முன் அந்தப் பேரை வை என்று ஒருவரிடமும் கேட்டு வைக்காதீர்கள்.

நான் ஒஸ்லோ திரும்பி இரண்டு கிழமையில் சுகந்தி படம் அனுப்பினாள். பெண்பிள்ளை. என்ன பேர் வைத்தாய் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.