ஏசித் தட்டைக் கழுவிய கை

இன்று தேனி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பர்வீன் அக்கா. மடியில் கஞ்சித் தூக்குவாளி. இரண்டு வாரத்துக்கு முன் அவர்கள் வீட்டு ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்தவன் நான்.

"ஒங்க அண்ணனுக்கு எலிக்காய்ச்சல் தம்பி, ஆஸ்பத்திரில சேத்திருக்கு. கண்ணெல்லாம் மஞ்சளாக் கெடக்கு. வீட்ல எலி இருக்கான்னு டாக்டர் கேட்டாக. அதெல்லாம் இல்ல, இப்பத்தான் ஏசிக்காரத் தம்பி வந்து அம்புட்டையும் சுத்தம் பண்ணிட்டாப்லன்னு சொல்லிட்டேன்."



அன்று ஏசிக்குள் எலிக்கூடு இருந்தது. தண்ணீர் வடியும் தட்டில் எலி மூத்திரமும் புழுக்கையும் ஊறிக் கிடந்தன. அதைக் கழற்றி அண்ணன் கையில்தான் கொடுத்தேன். திராட்சைக் கொடி வெட்டும்போது கத்தரி பட்டு, காயம் ஆறாத விரல் அவருக்கு. வெறுங்கையாலேயே கழுவினார்.

"அக்காகிட்டச் சொல்லிராதப்பா, அதுக்குச் சோறு எறங்காது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்காவோடு இறங்கி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தூக்குவாளியை மட்டும் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

என் பையில் கையுறைப் பாக்கெட் இருக்கிறது. அன்றும் இருந்தது, இன்னும் பிரிக்கவில்லை.

உங்கள் வீட்டு ஏசித் தட்டைக் கடைசியாகக் கழுவியது யார் கை?