நெட்டைக்காலிக் கூடும் சிவப்பு ரிப்பனும்

"அண்ணாச்சி, நிறுத்துங்க! அங்கன கூடு இருக்கு!"

கத்திக்கொண்டே புல்வெளியில் ஓடினேன்.

பாளையங்கோட்டையில் விலங்கியல் முடித்த கையோடு பறவை ஆய்வில் சேர்ந்திருந்தேன். அம்பாசமுத்திரத்துக்கு மேலே, மலை உச்சிப் புல்வெளியில் வேலை. எங்களுக்கு ஆய்வுக்குக் கொடுத்த பறவை நெட்டைக்காலி. புல்லின் நிறம். தத்தாது, நடக்கும். கூட்டைத் தரையிலேயே, புல்லுக்கு அடியில் வைக்கும். தெரியாமல் மிதித்துவிடுவோம் என்று, கூடு கிடைத்ததும் பக்கத்தில் குச்சி நட்டு சிவப்பு ரிப்பன் கட்டுவது எங்கள் டீம் வழக்கம். இந்தக் கூட்டில் மூன்று குஞ்சுகள். இன்னும் கண் திறக்கவில்லை.

ரிப்பன் கட்டிய மறுநாள் காலை சீனியர் ஜெபா அக்காவோடு ஏறி வந்தால், புல்வெளி நடுவே ஒரு பட்டை மொட்டையாகக் கிடந்தது. காட்டுத்தீ பரவாமலிருக்க ஃபயர் லைன் வெட்டும் ஆட்கள், எங்கள் ரிப்பனை நோக்கி நேராக வெட்டிக்கொண்டு வருகிறார்கள்!

மேஸ்திரி சுடலைமுத்து அண்ணாச்சி அரிவாளோடு நிமிர்ந்தார். "ஏலே, எதுக்கு இந்தக் கூப்பாடு? புலியக் கண்டியோ?"

"ரிப்பன் கட்டியிருக்கே, பாக்கலையா?"

"பாத்துதான் வெட்டுதோம் வே! செவப்புத் துணி கட்டுன வழியா லைன் போடுங்கன்னுல்லா ஃபாரஸ்ட் ஆபீஸ்ல சொல்லி அனுப்புனாவ!"

திரும்பிப் பார்த்தேன். ஃபாரஸ்ட் ஆபீஸ் கட்டியிருந்த துணிகள் ஒரு பாறையை ஒட்டி வலப்பக்கம் திரும்பியிருந்தன. நேரே எங்களுடையது தெரிந்ததும் அதைப் பிடித்து வந்துவிட்டார்கள். குஞ்சுகளைக் காப்பாற்றக் கட்டியதுதான் அரிவாளை அவற்றிடம் கூட்டிவந்திருந்தது.

குனிந்து பார்த்தோம். கூட்டின் ஒரு பக்கத்துப் புல் போயிருந்தது. மூன்றும் வெயிலில் வாய் பிளந்து கிடந்தன.

"அட பாவமே, ஒரு நெல்லிக்கா தண்டிதான இருக்கு" என்ற அண்ணாச்சி, வெட்டிய புல்லில் ஒரு பிடி எடுத்துக் கூட்டின் மேல் பைய சாய்த்தார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க. ஆள் நின்னா தாய் வராது" என்றார் ஜெபா அக்கா.

பாறைக்குப் பின்னால் படுத்துக் கிடந்தோம். வெயில் ஏறியது. தாய் வரவில்லை.

"நாமளே கொன்னுட்டோமாக்கா?"

அக்கா பைனாகுலரைக் கூட்டுப் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் பட்டையின் அந்தப் பக்கம் தாய் இறங்கியது. வாயில் வெட்டுக்கிளி. மறைவே இல்லாத தரையில் ஓடி, நின்று, மறுபடி ஓடி, சாய்த்த புல்லுக்குள் நுழைந்தது. வெளியே வரும்போது வாயில் ஒன்றுமில்லை.

"ஊட்டிட்டா வே!" என்று அண்ணாச்சி என் முதுகில் ஒரு அடி வைத்தார். வலித்தது. சிரித்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மலையில் ஒரு அடையாளம் வைக்கும் முன், அங்கே வேலை செய்கிற மற்றவர்களுக்கு அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். இப்போது கூடு கிடைத்தால் நாங்கள் எதையும் கட்டுவதில்லை. முதல் போன் அண்ணாச்சிக்குத்தான்.

"எங்கன?" என்பார். சொல்வேன். லைன் விலகிப் போகும்.