நீல பல்புக்கு ஆகாத கண்ணாடி

ஆத்தாயக்காவுக்குக் கல் நெஞ்சு என்று எங்கள் ஊரில் பேசிக்கொண்டார்கள். புருசன் கந்தப்பன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது அவர் அழவில்லை. கருமாதி முடிந்த மறுநாளே எங்கள் வேலை வண்டிக்கு வந்து நின்றார். நகர்ந்து இடம் விட்டோம். ஏறி உட்கார்ந்து, இன்றைக்கு எந்தப் பண்ணை என்று மட்டும் கேட்டார். ஊரில் பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்?

நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப் பண்ணைகளுக்குப் போய், கூண்டில் ஏற்றப் போகிற வளர்கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவது எங்கள் பிழைப்பு. நான் பிடித்துக் கொடுக்கிறவள், அக்கா போடுகிறவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே போடுகிறார். இறகை விலக்கி, எலும்பில் படாமல், நெஞ்சுச் சதையில் ஒரே குத்து. கோழி கத்தவும் நேரமிருக்காது.

கந்தப்பன் போன பிறகும் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆள்தான் இல்லை. நாங்கள் சிரித்தால் பார்ப்பார், கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். ஒரு நாள் சோறு தின்னும்போது என்னிடம் சொன்னார்: "ஒண்ணுமே தோணறதில்ல சாமி. பசிக்கறதுகூட மணியப் பாத்தாத்தான் தெரியுது."

அப்புறம்தான் கண் கோளாறு வந்தது. கிட்டத்தில் இருப்பது தெரியாமல் தன் கட்டைவிரலிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டார். எண்ணெய் கலந்த மருந்து. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, ஆஸ்பத்திரியில் கீற வேண்டியதாயிற்று. எங்களைக் கூட்டிப்போகிற மேஸ்திரி நந்தகுமார், இன்னொரு தரம் இப்படி ஆனால் வீட்டில் இருந்துகொள்ளச் சொன்னான். அதைக் கேட்டதும் அக்கா முகம் வெளுத்துவிட்டது. புருசன் செத்ததற்கு வெளுக்காத முகம். வேலை போய்விடக் கூடாது என்று அப்படியொரு தவிப்பு. மகள் தனப்பிரியா ஓசூர் கம்பெனியிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறாள். அப்புறமும் இதற்கென்ன இந்தத் தவிப்பு என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அந்த மகள்தான் விஷயம் தெரிந்து போனிலேயே ஒரு கண்ணாடி வாங்கி அனுப்பினாள். படிக்கிற கண்ணாடி. இரண்டு காம்பிலும் குட்டி பல்பு, சார்ஜ் போட வயர். நீல வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமாம், அதைத் தடுக்க லென்சிலே மஞ்சள் பூச்சு. வீட்டில் போட்டுப் பார்த்து அரிசியில் கல் பொறுக்கினாராம், நன்றாகத் தெரிந்ததாம். வேலைக்குக் கொண்டு வந்தார்.

பொழுது இறங்கும் நேரம். கோழிக் கொட்டகையைச் சுற்றிப் படுதாவை இறக்கி நீல பல்பு போட்டிருந்தார்கள். நீல வெளிச்சத்தில் கோழிக்குக் கண் மங்கிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். கீரை பிடுங்குவதுபோல் எடுக்கலாம். எங்கள் பிழைப்பே அந்த பல்பில்தான் ஓடுகிறது. நீலத்தைத் தடுக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் கீழே நின்றால் என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. வாங்கி அனுப்பினவளுக்கும் உறைக்கவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை.

அக்கா இறகைத் தடவினார், மறுபடி தடவினார். நந்தகுமார் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பதற்றத்தில் காம்பிலிருந்த பொத்தானை அமுக்கிவிட்டார்.

வெள்ளை வெளிச்சம் பளீரென்று அடித்தது. கொட்டகையிலிருந்த அத்தனை கோழியும் ஒரேயடியாக எழுந்து எதிர்மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறின. என்னவென்று பார்க்க அக்கா தலையைத் திருப்ப, வெளிச்சமும் கூடவே திரும்பி, அந்தப் பக்கம் மிச்சமிருந்ததும் ஓடிப்போய் அவற்றின்மேலேயே விழுந்தது. நான் கண்ணாடியைப் பிடுங்கி அணைத்தேன். அதற்குள் மூலையில் இடுப்பளவுக்குக் குவியல். எல்லோரும் விழுந்தடித்துப் பிரித்துப் போட்டோம். மேலே இருந்தவை பிழைத்தன. அடியில் இருந்தவை மூச்சு முட்டிச் செத்து, இன்னும் சூடாக இருந்தன. அக்காவும் மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். அப்போதும் அழவில்லை.

நந்தகுமார் திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னான். "நாளைல இருந்து வராதீங்கக்கா. புள்ளதான் பணம் அனுப்புதே. ஊட்ல இருங்க."

"கூலி வேண்டாமுங்க தம்பி," என்றார் அக்கா. "சும்மா கூட வாரேன். ஊட்ல அவரு கட்டலு அப்படியே கெடக்குது. அதப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால முடியலீங்க."

எந்தப் பண்ணை என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னார். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தும், கட்டிலைப் பற்றி ஒருத்திக்கும் தெரியாது. பண்ணைக்காரர் இனி அவரை உள்ளே விடமாட்டார் என்று நந்தகுமார் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அக்கா தலையாட்டினார்.

திரும்பும்போது எங்கள் ஊரில் முதலில் அவர் வீடுதான். வண்டி நின்றது. அக்கா எழவில்லை. வீடு வந்துவிட்டது என்று தோளைத் தொட்டேன்.

"கடைசி ஆளு எறங்கற வரைக்கும் வாரேன் சாமி," என்றார். "அங்கிருந்து நடந்து வந்துக்கறேன்."

நந்தகுமார் கதவை மறுபடி சாத்தினான். வண்டி கிளம்பியது.